வந்து பார்த்து எழுதிப் போகிறவர்கள்

வாசகர் கேள்வி – பதில்: பெண்கள் மீதான வன்முறையை விசாரிக்கும் சர்வதேசக் குழுக்கள்

ஐ.நா.விலிருந்து ஒருவர் வந்து பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றி விசாரித்தார் என்று செய்தி வருகிறது. அவருக்கு என்ன அதிகாரம்? யாரையாவது கைது செய்யச் சொல்ல முடியுமா?
– வாசகி, தேனி

முடியாது. சம்மன் அனுப்பவோ சோதனை போடவோகூட அவருக்கு அதிகாரம் இல்லை. அவர் கையில் இருப்பது கேள்வியும் பேனாவும்தான்.

நீங்கள் சொல்பவர் பெரும்பாலும், பெண்கள் மீதான வன்முறையை விசாரித்து எழுத ஐ.நா. நியமிக்கும் சிறப்பு அறிக்கையாளராக இருப்பார். 1994 மார்ச்சில் இந்தப் பொறுப்பு உருவானது. முதலில் ஏற்றவர் இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமி. அவருக்குப் பின் துருக்கியின் யாக்கின் எர்ட்டுர்க், தென்னாப்பிரிக்காவின் ரஷீதா மஞ்சூ, குரோஷியாவின் துப்ராவ்கா ஷிமோனோவிச் ஆகியோர் இருந்தார்கள். 2021 முதல் ஜோர்டானின் ரீம் அல்சலேம் இருக்கிறார். இவர்கள் ஐ.நா. ஊழியர்கள் அல்ல, சம்பளமும் கிடையாது. எந்த அரசுக்கும் கட்டுப்படாமல் எழுத வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

வேறு வகைக் குழுக்களும் உண்டு. பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஒப்பந்தத்தை (சீடா என்பார்கள்) கண்காணிக்கும் குழு, தன் உறுப்பினர்களையே அனுப்பி விசாரிப்பது ஒன்று. போர், இன ஒழிப்பு போன்ற சூழலில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை தீர்மானம் போட்டு அமைக்கும் உண்மை அறியும் குழு இன்னொன்று. தொண்டு நிறுவனங்கள் அனுப்பும் குழுக்கள் தனி. வந்திருப்பது எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வது கடைசியில் யார் மேஜைக்குப் போகும் என்பது அதைப் பொறுத்தது.

பத்து நாளில் ஒரு நாட்டைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? சுற்றுலா மாதிரி இல்லையா?
– வாசகர், காஞ்சிபுரம்

பத்து நாளை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வேலையில் பெரும்பகுதி அதற்கு முன்னும் பின்னும் நடக்கிறது.

இந்தியாவையே எடுத்துக்கொள்வோம். சிறப்பு அறிக்கையாளர்கள் யாரும் வரலாம் என்று 2011 செப்டம்பரில் இந்தியா நிரந்தர அழைப்பு விடுத்தது. ஆனாலும் ஒவ்வொரு வருகைக்கும் தேதியைத் தனியே பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அழைப்பு இருந்தும் தேதி கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பது உலகெங்கும் சகஜம். ரஷீதா மஞ்சூ வந்தது 2013 ஏப்ரல் 22 முதல் மே 1 வரை, டில்லிப் பேருந்துக் கொடுமை நடந்து நான்கு மாதம் கழித்து. டில்லியோடு ராஜஸ்தான், குஜராத், மணிப்பூர் என்று போனார்.

வருவதற்கு முன்பே அரசு சில நிபந்தனைகளை ஏற்க வேண்டும்: எங்கும் தடையின்றிப் போகலாம், சிறை உட்பட எந்த இடத்தையும் பார்க்கலாம், யாரோடும் அதிகாரிகள் இல்லாமல் தனியாகப் பேசலாம், பேசியவர்களைப் பழிவாங்கக் கூடாது. சிறப்பு அறிக்கையாளரோடு ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் ஓரிரு ஊழியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் வருவார்கள். பெரும்பாலும் தலைநகரில் அமைச்சகங்கள், காவல்துறை, மகளிர் ஆணையம் என்று தொடங்கி, வெளியூர் போய்த் திரும்பி, கடைசி நாளில் பத்திரிகையாளர்களிடம் முதற்கட்டக் கருத்தைச் சொல்வார்கள். முழு அறிக்கை பல மாதம் கழித்துத்தான் வரும். அதன் வரைவு அரசுக்குப் போகும். தேதி, சட்டப்பிரிவு போன்ற தகவல் பிழைகளை அரசு சுட்டிக்காட்டலாம். முடிவுகளை மாற்றச் சொல்லி எழுதினால் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. மஞ்சூவின் இந்திய அறிக்கை 2014-இல் வந்தது. கருவறை முதல் கல்லறை வரை பெண்மீது வன்முறை தொடர்கிறது என்றது. ராணுவச் சிறப்பு அதிகாரச் சட்டத்தையும் கண்டித்தது.

சுற்றுலா ஆகிவிடும் ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. காப்பகத்தைக் காட்ட அழைத்துப் போகும்போது சுண்ணாம்பு வாடை அடிக்கும், மேஜையில் புதுப் பூங்கொத்து இருக்கும். அனுபவமுள்ளவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்கள் எத்தனை, கட்டில்கள் எத்தனை என்று எண்ணுவார்கள். தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று பார்ப்பார்கள். வெளியிலிருந்து பூட்டினால் அது காப்பகம் இல்லை. காவல் நிலையத்தில், சம்பவத் தேதிக்கும் முதல் தகவல் அறிக்கைத் தேதிக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்ப்பார்கள். சமரசம் பேசி அனுப்பிய புகார்கள் எந்தப் பதிவேட்டில் இருக்கின்றன என்றும் கேட்பார்கள்.

எங்கள் மகளிர் அமைப்பு, பாதிக்கப்பட்ட சில பெண்களை ஒரு வெளிநாட்டுக் குழுவிடம் பேச வைக்க ஏற்பாடு செய்கிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– அமைப்பு நிர்வாகி ஒருவர், தர்மபுரி

முதல் கேள்வி: அவர்களை அழைத்தே ஆக வேண்டுமா? அந்தப் பெண் ஏற்கெனவே போலீஸ், மருத்துவர், மாஜிஸ்திரேட், வக்கீல், இரண்டு பத்திரிகை என்று ஆறு தடவை சொல்லியிருப்பார். ஏழாவது தடவை சொல்வதால் மனசு நோவது மட்டுமல்ல, வழக்கும் நோகும். ஒவ்வொரு முறையும் நேரமோ நிறமோ கொஞ்சம் மாறும். அது மனித இயல்பு. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார். மாஜிஸ்திரேட் முன் கொடுத்த வாக்குமூலத்தோடு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 164, இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 183) ஒத்துப்போகாத இன்னொரு அறிக்கை உலகத்தில் உலவுவது நல்லதல்ல. ஆவணங்களே போதுமென்றால் ஆவணங்களைக் கொடுங்கள். கூட வந்த அம்மாவோ பக்கத்து வீட்டுக்காரரோ வழக்கறிஞரோ பேசினால் போதுமென்றால் அவர்கள் பேசட்டும். ஐ.எஸ். அமைப்பிடம் சிக்கி மீண்ட ஈராக்கின் யாசிதிச் சிறுபான்மைப் பெண்களிடம் ஊடகங்களும் அமைப்புகளும் திரும்பத் திரும்ப வாக்குமூலம் வாங்கியதில் நேர்ந்த சேதத்தைப் பார்த்த பிறகுதான், 2022-இல், அவர்களில் ஒருவரான நாதியா முராத் பெயரால் ஒரு நடத்தை நெறியே வந்தது.

பேசத்தான் வேண்டும் என்றால், சம்மதத்தை ஒரே கையெழுத்தில் முடிக்காதீர்கள். நான்கு கேள்வியைத் தனித்தனியே கேளுங்கள். இவர்களிடம் பேச விருப்பமா? சொன்னதை அறிக்கையில் எழுதலாமா? ஊர், சாதி, வயது போன்ற அடையாளங்கள் வரலாமா? நீதிமன்றமோ வேறு அமைப்போ கேட்டால் கொடுக்கலாமா? முதலாவதற்குச் சரி, மீதி மூன்றுக்கும் வேண்டாம் என்பதும் செல்லும் பதில்தான். பாதியில் எழுந்து போகலாம் என்பதையும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். வழக்கில் உதவி கிடைக்கும், வீடு கிடைக்கும் என்று யாரும் வாயை விடக் கூடாது. பஸ் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் கொடுக்கலாம், சாட்சியத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

இடம் அடுத்தது. மூன்று வெள்ளை நிற வண்டிகள் தெருவுக்குள் வந்து நின்றால் அன்றைக்கே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அந்தப் பெண் வழக்கமாகப் போய்வருகிற இடமாகப் பாருங்கள். மருத்துவமனை, தையல் மையம் போல. மண்டபத்தில் இருபது பேரை வரிசையாக உட்காரவைத்துப் பேச வைப்பது இன்னும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அறைக்குள் கேட்பவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர், மொழிபெயர்ப்பாளர். அதற்கு மேல் ஆள் வேண்டாம், உங்கள் அமைப்பின் தலைவி உட்பட. கேட்பவர் ஆணா பெண்ணா என்பதை அந்தப் பெண்ணிடமே கேளுங்கள்.

மொழிபெயர்ப்பில்தான் அதிகம் கோளாறாகிறது. ‘கெடுத்துட்டான்’, ‘தப்பா நடந்துகிட்டான்’, ‘என் மானம் போச்சு’ – இதில் எது வல்லுறவு, எது சீண்டல், எது மிரட்டல்? மொழிபெயர்ப்பாளர் தானாக ஊகித்து ஒரு ஆங்கிலச் சொல்லைப் போட்டால் அறிக்கை அங்கேயே தடம் புரளும். அவள் சொன்ன சொல்லை அப்படியே தமிழிலும் எழுதிக்கொண்டு, ‘நீங்க இப்படிச் சொன்னீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்மா?’ என்று அவளிடமே கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ‘அவள் சொல்கிறாள்’ என்று தொடங்காமல் ‘நான்’ என்றே பெயர்க்க வேண்டும். அதே ஊர், குற்றம் சாட்டப்பட்டவரின் அதே சாதி என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்விகள் ‘அப்புறம் என்ன நடந்துச்சு?’ என்கிற தினுசில் இருக்கட்டும். ‘ஏன் கத்தலை?’, ‘ஏன் உடனே சொல்லலை?’ என்ற ‘ஏன்’களை அறைக்கு வெளியே விட்டுவிடச் சொல்லுங்கள். பேச்சை அந்தச் சம்பவத்தோடு முடித்து அனுப்பாதீர்கள். குழந்தை எந்த வகுப்பு, இன்றைக்கு யார் வீட்டில் தங்கல் என்று நிகழ்காலத்துக்கு அழைத்து வந்து முடியுங்கள். மனநல ஆலோசகர், வக்கீல், மருத்துவமனை எண்கள் முன்பே கையில் இருக்க வேண்டும். ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு மேல் கேட்டால் நான்காமவருக்குப் பாதிக் காதுதான் கிடைக்கும்.

குறிப்பேட்டில் பெயர் வேண்டாம், எண் போதும். எந்த எண் யார் என்ற பட்டியல் வேறு இடத்தில், வேறு ஆளிடம் இருக்கட்டும். போன் வாட்ஸ்அப்பில் அது போகவே கூடாது. துணி, பொருள் எதையும் குழு வாங்கி வைக்கக் கூடாது. கை மாறிய தடயத்தை நீதிமன்றம் சந்தேகிக்கும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 72-ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் இன்னொரு சிக்கல்: போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, விஷயம் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். ‘ரகசியமாக வைத்துக்கொள்கிறோம்’ என்று அந்தப் பிள்ளையிடம் வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

போர்க்காலத்தில் ‘இருபதாயிரம் பெண்கள்’ என்றெல்லாம் எண்ணிக்கை சொல்கிறார்களே, யார் எண்ணினார்கள்?
– கல்லூரி ஆசிரியர், தஞ்சாவூர்

யாரும் எண்ணவில்லை, கணக்கிட்டார்கள். நீங்கள் சொல்லும் எண் போஸ்னியப் போருடையது. 1992 கடைசியில் ஐரோப்பிய சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) அனுப்பிய ஆன் வார்பர்ட்டன் குழு 20,000 என்று சொன்னது. 1993 ஜனவரியில் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் மசோவியெட்ஸ்கி அனுப்பிய மருத்துவ நிபுணர்கள் வேறு வழியில் போனார்கள். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டி, வல்லுறவால் கருவுற்றவை என்று 119 பதிவுகளைக் கண்டார்கள். நூறு வல்லுறவுக்கு ஒரு கரு என்ற மருத்துவ மதிப்பீட்டை வைத்துப் பெருக்கினால் ஏறக்குறைய 12,000.

இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட முடியாது. ஒன்று பெண்களின் எண்ணிக்கை, மற்றது சம்பவங்களின் எண்ணிக்கை. ஒரே பெண் பல தடவை சிதைக்கப்பட்டிருக்கலாம், மருத்துவமனைக்கே வராதவர்கள் இருக்கலாம். எண்ணைப் படிக்கும்போது எது பெண், எது சம்பவம், எது பதிவு, எது பெருக்கல் என்று பாருங்கள். என் அபிப்பிராயத்தில், சரிபார்த்த அந்த 119 பெருக்கி வந்த ஆயிரங்களைவிடக் கனமானது.

இப்படிப்பட்ட அறிக்கையில் தவறு வந்தால்?
– வாசகர், கோவை

வந்திருக்கிறது. ராதிகா குமாரசுவாமி 1995 ஜூலையில் சியோலுக்கும் டோக்கியோவுக்கும் போய், இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படை பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பெண்களைப் பற்றி விசாரித்தார். அவருக்காக வேறொரு குழு வடகொரியா போனது. மொத்தம் 16 பெண்களின் சாட்சியம் திரட்டப்பட்டது. சட்டப்பொறுப்பை ஏற்று, நஷ்டஈடு கொடுத்து, எழுத்தில் மன்னிப்புக் கேள் என்று 1996-இல் வந்த அறிக்கை ஜப்பானுக்குச் சொன்னது.

அதில் யோஷிடா செய்ஜி என்ற ஜப்பானியரின் கூற்றும் ஆதாரமாக இருந்தது, பெண்களைத் தானே பிடித்துக்கொண்டு போனதாக. அது புனைவு என்று பிறகு தெரிந்தது. அதை வைத்து எழுதிய செய்திகளை ‘அசாஹி ஷிம்புன்’ நாளிதழ் 2014-இல் திரும்பப் பெற்றது. உடனே ஜப்பான் அரசு, அறிக்கையின் அந்தப் பகுதியை மாற்று என்றது. ராதிகா மறுத்தார். அது பல ஆதாரங்களில் ஒன்றுதான், பெண்களின் நேரடிச் சாட்சியம் அப்படியே நிற்கிறது என்பது அவர் வாதம். வாதம் சரிதான். இருந்தாலும் எதிராளிக்கு அந்த ஒரு கயிறு போதுமானதாக இருந்தது, இன்றுவரை இழுக்கிறார்கள். அச்சில் வந்த ஒன்றை நம்பி எடுத்தாள்வதற்கு முன், அதைத் தனியே உறுதிசெய்ய இன்னொரு வழி உண்டா என்று பார்ப்பது இதனால்தான்.

நாட்டுக்குள்ளேயே விடாவிட்டால் எப்படி விசாரிப்பது?
– வாசகி, யாழ்ப்பாணம்

ரோஹிங்கியா மக்கள் மீதான வன்முறையை விசாரிக்க மியான்மர் விடவில்லை. 2017-இல் அமைந்த உண்மை அறியும் குழுவின் மூவரில் ராதிகாவும் ஒருவர். வங்கதேசத்து காக்ஸ் பஜார் அகதி முகாம்கள் உட்பட வெளிநாடுகளில் 875 பேரிடம் விரிவாகப் பேசினார்கள். எரிந்த கிராமங்களைச் செயற்கைக்கோள் படங்களில் பார்த்துத் தேதியை ஒப்பிட்டார்கள். வெவ்வேறு முகாம்களில் இருந்த, ஒருவரையொருவர் அறியாத பெண்கள் ஒரே ஊர், ஒரே நாள் என்று சொன்னால் அதற்கு எடை கூடும். ‘நம்புவதற்கு நியாயமான காரணம் உண்டு’ என்பதுதான் இத்தகைய குழுக்களின் அளவுகோல். கிரிமினல் கோர்ட்டின் ‘சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட’ நிரூபணத்தைவிட அது குறைவு. அறிக்கை வந்ததும் ஏன் யாரும் சிறைக்குப் போகவில்லை என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

அறிக்கை எழுதி என்ன பலன்? அலமாரியில் தூசு படியத்தானே?
– வாசகர், மதுரை

மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸ் நகரைப் பாருங்கள். 1993 தொடங்கி அங்கே இளம்பெண்கள் காணாமல் போவதும் பிணமாகக் கிடப்பதுமாக இருந்தது. 1999-இல், சட்டவிரோதக் கொலைகளுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் அஸ்மா ஜஹாங்கீர் போனார். 2002-இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்திலிருந்து மார்த்தா அல்தொலாகிர்ரே போனார். 2003 அக்டோபரில் சீடா குழுவின் இருவர் போனார்கள். அந்தக் குழு விசாரணை அதிகாரத்தைப் பயன்படுத்தியது அதுவே முதல் தடவை. 2005-இல் யாக்கின் எர்ட்டுர்க். கொலைகள் நிற்கவில்லை. சலிப்பாகத்தான் இருக்கும்.

2001 நவம்பரில் அந்த ஊர்ப் பருத்திக்காடு ஒன்றில் எட்டுப் பெண்களின் உடல்கள் கிடைத்தன. அவர்களில் மூவரின் குடும்பங்கள் தொடுத்த வழக்கில், 2009 நவம்பர் 16 அன்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் மெக்சிகோ அரசைப் பொறுப்பாக்கியது. ‘எங்களுக்குத் தெரியாது’ என்று அரசு தப்ப முடியாமல் போனதற்கு, ஆபத்தை ஆண்டாண்டாக எழுதி வைத்த இந்த அறிக்கைகளும் காரணம். தூசு படிந்திருந்தாலும் தேதி போட்ட காகிதம்.

சீடா குழு இந்தியாவுக்கு வந்து அப்படி விசாரிக்குமா? தனி ஆள் ஐ.நா.வுக்கு எழுதலாமா?
– வாசகி, வேலூர்

முதல் கேள்விக்கு, இன்றைய நிலையில் இல்லை. அந்த அதிகாரம் 1999-இல் வந்த விருப்ப நெறிமுறையில் (விரும்பும் நாடுகள் மட்டும் சேரும், சீடாவின் துணை உடன்படிக்கை) இருக்கிறது. இந்தியா சீடாவை 1993-இல் ஏற்றது, நெறிமுறையில் சேரவில்லை. இலங்கை 2002-இல் சேர்ந்துவிட்டது. வங்கதேசம் சேர்ந்தது, விசாரணைப் பிரிவை மட்டும் ஏற்க மாட்டேன் என்று எழுதி வைத்துவிட்டு.

இரண்டாவதற்கு, எழுதலாம். சிறப்பு அறிக்கையாளருக்கு எழுத உள்நாட்டு வழக்கு முடிய வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஐ.நா. மனித உரிமை அலுவலக இணையதளத்தில் படிவம் இருக்கிறது. யார் பாதிக்கப்பட்டார், எங்கே, எந்தத் தேதி, யார் செய்தார், எந்த அதிகாரியிடம் என்றைக்குப் புகார் கொடுத்தீர்கள், அவர் என்ன செய்தார், பாதிக்கப்பட்டவர் இதற்குச் சம்மதித்தாரா – இவ்வளவும் இரண்டு மூன்று பக்கத்தில் அடங்க வேண்டும். செய்தித்தாள் நறுக்கை மட்டும் அனுப்பினால் எடுக்க மாட்டார்கள், வசை இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். ஏற்றால் அரசுக்குக் கடிதம் போகும், பதிலுக்குப் பொதுவாக 60 நாள் அவகாசம். அது முடிந்ததும் கடிதமும் பதிலும் இணையத்தில் பொதுப் பார்வைக்கு வந்துவிடும். பெயரை மறைக்க வேண்டுமென்றால் அதைப் படிவத்திலேயே குறிப்பிடுங்கள், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.