34 தோல்விக்கும் ஒரே ஆளா?

கேள்வி: அமெரிக்காவின் சிகாகோ ஸ்கை பெண்கள் கூடைப்பந்து அணி 2025 சீசனில் 44 ஆட்டங்கள் ஆடி 34-ல் தோற்றது. ஏஞ்சல் ரீஸ் ஃபேஷன், பாட்காஸ்ட் என்று சுற்றியதும், சொந்த அணிக்காரர்களையே பேட்டியில் மட்டம் தட்டியதும்தான் காரணம். அவரை நட்சத்திரம் என்று கொண்டாடும் பத்திரிகைகள் இப்போது என்ன சொல்கின்றன? அவரை வேறு அணிக்கு அனுப்பினால்தான் ஸ்கை தேறும் என்கிறேன். சரிதானே? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: சரியில்லை. 44-ம் 34-ம் உண்மை. பேட்டியும் உண்மை. அதிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த இடம்தான் தவறு.

முதலில் ரீஸின் ஆட்டத்தைப் பார்ப்போம். 2025-ல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 14.7 புள்ளிகள், 12.6 ரீபவுண்டுகள் (கூடைக்குள் போகாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). ரீபவுண்டில் லீக்கிலேயே முதலிடம். அறிமுகமான 2024-லும் அவருக்குத்தான் முதலிடம். கூடைக்கு அடியில் நின்றே பந்தைத் தவறவிடுகிறார் என்று முதல் ஆண்டு எல்லோரும் குறை சொன்னார்கள், நியாயமான குறைதான். அப்போது அவர் எறிந்ததில் 39.1 சதவீதம்தான் கூடைக்குள் போனது. அடுத்த ஆண்டே அதை 45.8 சதவீதமாக உயர்த்திக்கொண்டார். ஜூன் 15 அன்று கனெக்டிகட் அணிக்கு எதிராக 11 புள்ளி, 13 ரீபவுண்டு, 11 அசிஸ்ட் (கூட ஆடுபவர் கூடை போடப் பந்தைக் கொடுப்பது) எடுத்தார். மூன்றிலும் இரட்டை இலக்கம், அதாவது அவரது முதல் டிரிபிள்-டபுள் அது. ஆட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றியவரின் கணக்கு இப்படி இருக்காது.

ஃபேஷனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025-ல் ஸ்கை அவருக்குக் கொடுத்த அடிப்படைச் சம்பளம் 74,909 டாலர். ஆண்கள் என்.பி.ஏ.வில் அவரைப் போலவே புதுமுகங்களுக்கான தேர்வில் 7-வது இடத்தில் தேர்வாகும் ஒரு புதுமுகத்துக்கு முதல் ஆண்டிலேயே பல மில்லியன் டாலர் கிடைக்கும். அதே ஆண்டு ஜூலையில் லீக்கின் சிறந்தவர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முன் வீராங்கனைகள் எல்லோரும் 'எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள்' என்று எழுதிய டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நின்றதும் இதற்காகத்தான். விளம்பரமும் பாட்காஸ்ட்டும் அவருடைய பிழைப்பில் பாதி. 2024 மே மாதம் மெட் காலா ஃபேஷன் விழாவுக்குப் போய்வந்தவர், மறுநாளே சீசனுக்கு முந்தைய ஆட்டத்தில் களமிறங்கினார்.

பேட்டி விஷயத்தில் அவர் பக்கம் தவறு உண்டு. செப்டம்பர் தொடக்கத்தில் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழுக்கு அளித்த பேட்டியில், இன்னும் நல்ல வீராங்கனைகளைக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் தன் வழியைத் தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முழங்கால் தசைநார் கிழிந்து சிகிச்சையில் இருந்த 36 வயது கோர்ட்னி வாண்டர்ஸ்லூட்டின் வயதைச் சுட்டி, அவரை நம்பி இருக்க முடியாது என்றும் சொன்னார். கூட ஆடும் ஒரு மூத்தவரைப் பற்றி வெளியாரிடம் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை அது. அணியினரிடம் மன்னிப்புக் கேட்டார். நிர்வாகம் அரை ஆட்டம் உட்கார வைத்தது. அதற்கு முந்தைய ஆட்டத்தில் எட்டாவது டெக்னிக்கல் ஃபவுலுக்காக (நடத்தைக்காகத் தரும் தண்டனை) லீக் விதித்த தடையும் சேர்ந்துகொண்டது. அப்புறம் அந்த சீசனில் அவர் களமிறங்கவே இல்லை.

ஆனால் அந்தப் பேட்டி வந்தபோது சீசன் முடிய ஒரு வாரம் சொச்சம்தான் மிச்சம். தோல்விகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே வந்தாகிவிட்டது. முதல் ஆட்டமே இண்டியானா ஃபீவரிடம் 93-58. ஜூன் 7 அன்று யுனைடெட் சென்டரில் அதே இண்டியானாவுடன் ஆட்டம். அந்த அரங்கில் நடந்த முதல் டபிள்யூ.என்.பி.ஏ. (இந்தப் பெண்கள் லீக்) ஆட்டம் அது. இண்டியானாவின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் காயத்தால் ஆடவில்லை. இருந்தும் சிகாகோ 79-52 என்று தோற்றது. வாண்டர்ஸ்லூட் முழங்காலில் அடிபட்டு விழுந்தது அன்றுதான். அணிக்குத் திரும்பி ஏழே ஆட்டங்கள் ஆடியிருந்தார். அவருக்குப் பின்னால் பந்தை நடத்திச் செல்ல ஒரு முழுமையான பாயின்ட் கார்டு அணியில் இல்லை. எறிவதில் தேர்ந்த ரேச்சல் பான்ஹாமையும் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த ஹெய்லி வான் லித்தையும் வைத்து ஒப்பேற்றினார்கள். 36 வயதுக்காரர் ஒருவரின் முழங்காலை நம்பி ஒரு சீசனையே திட்டமிட்டது ரீஸா?

இனிமேல்தான் விஷயமே. 2021-ல் இந்த ஸ்கை சாம்பியன். லீக் சுற்றில் 16 வெற்றி, 16 தோல்வி என்று தட்டுத்தடுமாறி வந்து, இறுதியில் ஃபீனிக்ஸ் மெர்க்குரியை 3-1 என்று வீழ்த்தினார்கள். சிகாகோ புறநகரான நேப்பர்வில்லில் வளர்ந்த கேண்டஸ் பார்க்கர், வாண்டர்ஸ்லூட், ஆலி குவிக்லி, இறுதிச்சுற்றின் சிறந்த வீராங்கனை காலியா காப்பர் என்று அப்படி ஓர் அணி. அடுத்த ஆண்டு 26 வெற்றி, 10 தோல்வி. அரையிறுதியின் ஐந்தாவது ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் கனெக்டிகட் தொடர்ந்து 18 புள்ளிகள் எடுக்க, இவர்கள் ஒரு புள்ளிகூட எடுக்க முடியாமல் தோற்று வெளியேறினார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு அணி கரைந்தது. பார்க்கர் லாஸ் வேகஸுக்குப் போனார், வாண்டர்ஸ்லூட் நியூயார்க்குக்குப் போனார். பயிற்சியாளரும் பொது மேலாளருமான ஜேம்ஸ் வேட் 2023 சீசன் நடுவிலேயே ஆண்கள் அணியான டொராண்டோ ராப்டர்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அவர் இடத்தில் எம்ரே வதன்செவர், பிறகு டெரேசா வெதர்ஸ்பூன், அவரையும் ஒரே சீசனில் அனுப்பிவிட்டு டைலர் மார்ஷ். மூன்று சீசனில் நான்கு தலைமைப் பயிற்சியாளர்கள். இளம் வீராங்கனை ஒருவர் யார் சொல்வதைக் கேட்டு வளர்வார்?

2024 தொடக்கத்தில் நிர்வாகம் ஒரு நல்ல காரியம் செய்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். காப்பரை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்து அந்த ஆண்டு டிராஃப்டில் (புதுமுகத் தேர்வில்) 3-வது இடத்தை வாங்கி, 6 அடி 7 அங்குல கமிலா கார்டோசோவை எடுத்தார்கள். 7-வது இடத்தில் ரீஸ். கூடைக்கு அடியில் இரண்டு உயரமான இளம்பெண்கள். அவர்களைச் சுற்றி மூன்று நான்கு ஆண்டு பொறுமையாக அணி கட்டலாம். அந்த ஆண்டு 13 வெற்றிதான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

டிராஃப்ட் முறை தெரியாதவர்களுக்கு: கல்லூரி முடித்து வருபவர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். மோசமாகத் தோற்ற அணிகளுக்கு முன்வரிசை இடங்கள். அங்கே கீழே இருக்கும் அணி மேலே வர ஆதாரமே இதுதான். விதைநெல் மாதிரி. சிகாகோ அதைத்தான் எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டது.

இந்த வழக்கம் முன்பே ஆரம்பித்திருந்தது. 2023-ல் மரீனா மேப்ரி என்ற வீராங்கனைக்காக முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்தார்கள். ஒன்றரை ஆண்டில் மேப்ரியையும் கனெக்டிகட்டுக்கு அனுப்பியாயிற்று. 2025 பிப்ரவரியில் பொது மேலாளர் ஜெஃப் பாக்லியோக்கா அந்த ஆண்டின் 3-வது இடத்தை வாஷிங்டனிடம் கொடுத்து ஏரியல் ஆட்கின்ஸை வாங்கினார். ஆட்கின்ஸ் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் அவருடைய ஒப்பந்தம் அந்த ஒரு சீசனோடு முடிந்தது. வாஷிங்டன் அந்த இடத்தில் எடுத்த சோனியா சிட்ரன் முதல் ஆண்டிலேயே ஆல்-ஸ்டார் ஆகிவிட்டார். ஏப்ரலில் இன்னொரு காரியம். 2026-ன் முதல் சுற்றுத் தேர்வை மினசோட்டாவிடம் கொடுத்து, கைக்கு வந்தது 11-வது இடம். அதில்தான் வான் லித்தை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு நாம் நன்றாக ஆடுவோம், அந்தத் தேர்வு பின்வரிசையில்தான் வரும் என்ற நம்பிக்கை. நடந்தது 10 வெற்றி. முன்வரிசை இடங்களை முடிவுசெய்ய 2025 நவம்பரில் நடந்த குலுக்கலில் சிகாகோ கொடுத்த அந்தத் தேர்வு இரண்டாவது இடமாக மினசோட்டாவுக்குப் போய்விட்டது. மினசோட்டா 2025-ல் லீக் சுற்றின் முதலிட அணி! சிகாகோவுக்கு மேப்ரி வழியாகக் கனெக்டிகட்டிடமிருந்து வந்த 5-வது இடம் மிச்சம்.

டல்லஸ் விங்ஸும் இதே 2025-ல் 10 வெற்றி, 34 தோல்விதான். அங்கே ஆண்டின் சிறந்த புதுமுகமான பெய்ஜ் பெக்கர்ஸ் இருக்கிறார், 2026 டிராஃப்டின் முதல் இடமும் அவர்களுக்கே கிடைத்தது. டல்லஸ் ரசிகருக்கு அடுத்த ஆண்டை எண்ணிப் பார்க்க ஒரு காரணம் இருந்தது. சிகாகோ ரசிகருக்கு?

பயிற்சி இடத்தைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். 2025 சீசன் வரை ஸ்கை பயிற்சி எடுத்தது நகருக்கு வடக்கே டியர்ஃபீல்ட் என்ற புறநகரில் உள்ள பொது உடற்பயிற்சி மையத்தில். உறுப்பினர் சந்தா கட்டி ஊர்க்காரர்கள் வந்துபோகும் இடம். 2021-ல் கோப்பை வென்ற அணியும் அங்கேதான் ஆடிப் பழகியது. லாஸ் வேகஸ் ஏசஸ் 2023-லேயே தனக்கென்று தனிப் பயிற்சி மையம் கட்டிவிட்டது. சியாட்டிலும் ஃபீனிக்ஸும் 2024-ல் திறந்துவிட்டன. சிகாகோவும் பெட்ஃபோர்ட் பார்க்கில் கட்டுவதாக அறிவித்தது, ஆனால் 2025 சீசன் முழுவதும் பழைய இடத்திலேயே ஓடியது. ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்குப் போகலாம் என்று யோசிக்கும் ஒரு முன்னணி வீராங்கனை இதையெல்லாம் பார்க்காமலா முடிவெடுப்பார்? உரிமையாளர் மைக்கேல் ஆல்டர் 2006-ல் அணி தொடங்கியதிலிருந்து இருக்கிறார். கேள்வி அவரிடம்தான் முதலில் போக வேண்டும்.

நம் ஊருக்கும் இந்த அணிக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு என்பதால் எனக்கு ஸ்கை மேல் தனிப் பிரியம். சென்னையில் தெற்கு ரயில்வேக்கு ஆடிய கேரளத்துக்காரர் கீது அன்னா ஜோஸை 2011-ல் தகுதித் தேர்வுக்கு அழைத்த மூன்று டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளில் சிகாகோவும் ஒன்று. இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் இந்தியாவிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டுப் பார்த்த அணி இப்படிச் சீரழிவது வலிக்கிறது.

பணமும் பெரிய பெயர்களும் இல்லாமல் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ் 2025-ல்தான் பிறந்த அணி. மற்ற அணிகள் காப்பாற்றி வைக்காமல் விட்ட வீராங்கனைகளிலிருந்து பொறுக்கி எடுத்த கூட்டம். கனெக்டிகட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெரோனிகா பர்ட்டன் இங்கே வந்து, அதிகம் முன்னேறிய வீராங்கனை விருது வாங்கினார். பயிற்சியாளர் நடாலி நகாசே ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் ஆனார். 23 வெற்றி, பிளே-ஆஃப். முதல் ஆண்டிலேயே பிளே-ஆஃப் போன புது அணி இந்த லீக்கில் வேறு கிடையாது. வால்கிரீஸின் பயிற்சி மையம் ஓக்லாண்டில், ஆண்கள் அணியான வாரியர்ஸ் பயன்படுத்திய இடம். எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று அங்கே யாருக்கோ தெரிந்திருந்தது.

கடைசியாக, ரீஸை அனுப்பிவிடலாமா? 2025 சீசன் முடிந்த நிலையில் அவர் இன்னும் புதுமுக ஒப்பந்தத்தில் இருப்பதால் முடிவு நிர்வாகத்தின் கையில். அனுப்பினால் பதிலுக்கு டிராஃப்ட் தேர்வுகள் கிடைக்கும். அந்தத் தேர்வுகளை வைத்து என்ன செய்வார்கள் என்பதைத்தான் மேப்ரியிலும் ஆட்கின்ஸிலும் பார்த்துவிட்டோம். என்னைக் கேட்டால், 2026 சீசனுக்கு முன் பாக்லியோக்கா செய்ய வேண்டியது இரண்டு: ஒப்பந்தம் முடிந்து நிற்பவர்களில் ஒரு நல்ல பாயின்ட் கார்டைப் பிடிப்பது, 5-வது இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொள்வது. ரீஸும் கார்டோசோவும் 2026 சீசனும் மார்ஷின் கீழேயே ஆடட்டும். அப்படிச் செய்தும் 34 ஆட்டம் தோற்றால் மறுபடி எழுதுங்கள், ரீஸைப் பற்றிப் பேசுவோம்.