கொலைகாரன் யார்? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னதால் ரிக் கியரியின் ‘ஃபேமஸ் பிளேயர்ஸ்’ வாங்கினேன், 1922இல் லாஸ் ஏஞ்சலஸில் சுடப்பட்ட இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லரைப் பற்றிய கிராஃபிக் நாவல். ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் அத்தனை பேரையும் சந்தேகப்பட வைத்துவிட்டுக் கடைசியில் இப்படி அம்போவென்று விடுவது நியாயமா? நீங்களாவது யாரென்று சொல்லுங்கள்.

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

கியரி யாரென்று சொல்லியிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். எழுத்தில் போட்ட பழியையாவது மறக்கலாம், படமாக வரைந்துவிட்டால் அது மனதை விட்டுப் போகாது.

பிப்ரவரி 2 காலையில் நடந்ததைத் திரும்பப் பாருங்கள். வேலையாள் ஹென்றி பீவி அல்வராடோ தெரு வீட்டுக்கு வருகிறார், டெய்லர் தரையில் மல்லாந்து கிடக்கிறார். டாக்டர் என்று சொல்லிக்கொண்டு கூட்டத்திலிருந்து வந்த ஒருவர், வயிற்றில் ரத்தக்கசிவு, இயற்கை மரணம் என்கிறார். உடலைப் புரட்டிய பிறகுதான் முதுகில் குண்டுக்காயம்! அந்தக் குழப்பத்திலேயே டெய்லர் வேலை பார்த்த பாரமவுண்ட் ஸ்டுடியோ ஆட்கள் கடிதங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்கு என்ன அவசரம் என்றால், அதே வாரம் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு நடிகையின் சாவுக்காக நகைச்சுவை நடிகர் ஆர்பக்கிள் மீதான இரண்டாவது விசாரணை ஓடிக்கொண்டிருந்தது, அவரும் பாரமவுண்ட் நட்சத்திரம்தான், இன்னொரு அசிங்கத்தை கம்பெனி தாங்காது.

தடயத்தை முதல் நாளே கலைத்துவிட்ட வழக்கு இது. அதனால்தான் சந்தேகத்துக்கு ஆளான நடிகைகள் மேபல் நார்மண்ட், மேரி மைல்ஸ் மின்டர், மின்டருடைய அம்மா ஷார்லட் ஷெல்பி என்று எல்லோரையும் கியரி ஒரே கறுப்புவெள்ளைக் கோட்டில் வரைந்து, வரைபடத்தைப் போட்டு, நீயே பார் என்று விட்டுவிடுகிறார். சினிமாவில் இது கஷ்டம், ஷெல்பிக்கு ஒரு க்ளோசப் வைத்துப் பின்னணி இசையைக் கொஞ்சம் ஏற்றினால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

எனக்கு ஒரே குறை, டெய்லரின் பழைய வாழ்க்கை. அயர்லாந்தில் டீன்-டானர் என்ற பெயரில் பிறந்தவர், 1908இல் நியூயார்க்கில் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டுக் காணாமல் போனவர். அதற்கு இன்னும் பத்துப் பக்கம் கொடுத்திருக்கலாம்.

சரி, யார்? பலருடைய கண் ஷெல்பி மேல்தான், ஆனால் கடைசிவரை யாரும் கூண்டில் ஏறவில்லை. திருடிவிட்டு ஓடிய பழைய வேலையாள் எட்வர்ட் சாண்ட்ஸை மட்டும் நான் நம்பமாட்டேன். திரும்பவும் பணத்துக்காக வந்தவன், பாக்கெட்டில் இருந்த 78 டாலரையும் விரலில் இருந்த வைர மோதிரத்தையும் அப்படியே விட்டுவிட்டா போவான்?