நெட் வருது, பிரிண்டர் தெரியலை: மலைவீட்டு வைஃபை கேள்வி-பதில்

எங்களுடையது பழைய கல் கட்டடம். ஃபைபர் மோடம் முன்கூடத்தில் இருக்கிறது. பின்கட்டுக்கு சிக்னல் எட்டாததால் அங்கே தனியாக ஒரு ரூட்டர் வாங்கி வைத்தேன். இரண்டு பக்கமும் நெட் ஜோராக வருகிறது. ஆனால் பின்னறை லேப்டாப்பில் தேடினால் கூடத்துப் பிரிண்டர் கண்ணில் படுவதே இல்லை. - குன்னூர் வாசகர்

நெட் வருவது வேறு, வீட்டுக்குள் ஒரு கருவி இன்னொன்றைக் கண்டுகொள்வது வேறு. தேடும்போது லேப்டாப் "இங்கே பிரிண்டர் உண்டா?" என்று நெட்வொர்க் முழுவதற்கும் குரல் கொடுக்கிறது. எம்டிஎன்எஸ் என்ற, கருவிகள் ஒன்றையொன்று தேடும் முறையில் போகும் குரல் அது. ரூட்டரின் வாசலை அது தாண்டாது; அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இரண்டு ரூட்டர், ஆகவே இரண்டு நெட்வொர்க்.

லேப்டாப்பின் ஐபி முகவரியையும் (நெட்வொர்க்கில் அதற்குரிய எண்) பிரிண்டர் திரையில் காட்டும் முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்று 192.168.0.5, மற்றது 192.168.1.20 என்று மூன்றாவது எண் மாறியிருந்தால் காரணம் இதுதான். பெரும்பாலான வீடுகளில் இந்த ஒரு சோதனையே போதும்.

இரண்டாவது ரூட்டரின் செட்டிங்ஸில் 'ஆக்சஸ் பாயின்ட் மோடு' (தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபையை மட்டும் நீட்டிக்கும் வசதி) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. இல்லாவிட்டால் வரிசை முக்கியம். முதலில் அந்த ரூட்டரின் சொந்த முகவரியை, மோடம் பிற கருவிகளுக்குப் பங்கிடும் எண்களுக்கு வெளியே, 192.168.1.2 என்பதுபோல மாற்றுங்கள். மறுபடி உள்ளே போய், கருவிகளுக்கு முகவரி பங்கிடும் டிஹெச்சிபியை நிறுத்துங்கள். கடைசியாக, மோடத்திலிருந்து வரும் கேபிளை 'வான்' (WAN) துளையிலிருந்து பிடுங்கி 'லேன்' (LAN) துளையில் செருகுங்கள். புது முகவரியை ரூட்டரின் அடியில் ஒட்டி வையுங்கள்; அடுத்து செட்டிங்ஸைத் திறக்க அது வேண்டும்.

புதிதாக வாங்கிய ஸ்மார்ட் ப்ளக்கை ஆப் கண்டுபிடிக்கவே மாட்டேன் என்கிறது. - கோத்தகிரி வாசகி

இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பேசுபவை. உங்கள் ஃபோன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால், முதல் முறை சேர்க்கும்போது சில ஆப்கள் தடுமாறும். ரூட்டரில் 5-ஐக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு ப்ளக்கைச் சேருங்கள். பிறகு தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

மழைக்காலம் வந்தால் போதும், பிரிண்டர் 'ஆஃப்லைன்' ஆகிவிடுகிறது. மூடுபனிதான் சிக்னலைத் தடுக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா? - ஊட்டி வாசகர்

இல்லை. வைஃபை அலைவரிசைகளில் பனிமூட்டத்தின் பாதிப்பு மிகமிகச் சொற்பம். வீட்டுக்குள் அதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். கனமான கல்சுவரும் தகரக் கூரையும்தான் தடை, அவை கோடையிலும் இருக்கின்றன.

மழைக்காலத்தில் மாறுவது கரன்ட். லைன்மேல் மரம் விழுந்து மின்சாரம் போகிறது, திரும்பி வரும்போது எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் எழுந்து ரூட்டரிடம் முகவரி கேட்கின்றன. நேற்று முகவரியின் கடைசி எண் 20 என்று இருந்த பிரிண்டருக்கு இன்று 23 கிடைக்கலாம். லேப்டாப்போ பழைய 20-ஐயே தட்டிக்கொண்டிருக்கும். ரூட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' பகுதிக்குப் போய் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) ஓர் ஐபி எண்ணை நிரந்தரமாக ஒதுக்குங்கள். லேப்டாப்பில் பழைய பிரிண்டரை நீக்கி, அந்த எண்ணைக் கொடுத்துச் சேருங்கள். அதன்பின் எத்தனை முறை கரன்ட் போனாலும் கவலையில்லை.

ஹோம்ஸ்டே நடத்துகிறேன். விருந்தினர்கள் 'கெஸ்ட்' வைஃபையில் இருந்துகொண்டு அறை டிவிக்கு ஃபோனிலிருந்து வீடியோ அனுப்ப முடியவில்லை. டிவியும் அதே வைஃபையில்தான் இருக்கிறது. - கொடைக்கானல் வாசகர்

கெஸ்ட் வைஃபையின் வேலையே ஒருவர் கருவியை மற்றவர் பார்க்காமல் தடுப்பது. அதைத் தளர்த்தினால் ஒரு அறைக்காரர் வீடியோ அடுத்த அறை டிவியில் ஓடும். உங்கள் குடும்ப வைஃபையின் கடவுச்சொல்லையும் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். சிசிடிவி பெட்டி அதில்தான் இருக்கும். அறைக்கு ஒரு சின்ன டிராவல் ரூட்டர் வைத்து, அதை கெஸ்ட் வைஃபையில் இணையுங்கள். டிவியும் விருந்தினர் ஃபோனும் அந்த ரூட்டருக்குள் இருக்கட்டும். குன்னூர் வாசகருக்குத் தொல்லையான இரண்டாவது வாசல், உங்களுக்குப் பாதுகாப்பு.

வீட்டில் எல்லா ஃபோனிலும் டிவி தெரிகிறது, என் ஐஃபோனில் மட்டும் இல்லை. - கூடலூர் வாசகி

2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், வீட்டு நெட்வொர்க்கில் தேட ஒவ்வொரு ஆப்பும் அனுமதி கேட்கிறது. அன்று 'வேண்டாம்' என்று தட்டியிருப்பீர்கள். செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் 'லோக்கல் நெட்வொர்க்' திறந்து, அந்த ஆப்பை ஆன் செய்யுங்கள். ஃபோனின் நெட்டை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் ஓடினால் அதையும் நிறுத்திப் பாருங்கள்.