கோடு விழுந்த ஸ்பீக்கர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினியில் பாட்டுக் கேட்கப் புதிய மீடியா பிளேயர் ஒன்றை நிறுவினேன். பொத்தான்களில் ஒரு சொல்கூட இல்லை. எல்லாம் படங்கள், அவையும் சிறியவை, மங்கலானவை. குறுக்குக் கோடு போட்ட ஸ்பீக்கரைப் பார்த்தால், ஒலி இப்போதே அடங்கியிருக்கிறதா, அழுத்தினால்தான் அடங்குமா என்று புரியவில்லை. எனக்கு வயதாகிவிட்டது என்று பேரன் சிரிக்கிறான். எழுத்தில் பெயர் போட்ட பொத்தான்களுடன் நல்ல பிளேயர் ஏதும் உண்டா?

க.

அன்புள்ள க.,

வயதைப் பற்றிய புலம்பலை முதலில் நிறுத்துங்கள். நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி, அந்தப் படத்தை வரைந்தவர் தம்மைத் தாமே கேட்டிருக்க வேண்டியது. அவர் கேட்காமல் விட்டதற்கு உங்கள் வயதைக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்? பேரனிடம் கேட்டுப் பாருங்கள், அவனும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான். தவறாக அழுத்தத் தயங்காத விரல் ஒன்றுதான் அவனிடம் கூடுதலாக இருக்கிறது.

சிறியவை, மங்கலானவை என்பதெல்லாம் போகட்டும். எழுத்து வந்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சில காலமாக நானும் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். முக்கோணமும் சதுரமும் இரட்டைக் கோடும் ஐஇசி 60417 என்ற சர்வதேசத் தரத்தில் இடம்பெற்றவை, அவற்றின் பொருள் உங்களுக்கும் தெரியும். ஆனால் பிளே பொத்தான், அழுத்தினால் என்ன நடக்கும் என்பதைக் காட்டுகிறது; அதனால்தான் பாட்டு ஓடும்போது அதில் இரட்டைக் கோடு தெரிகிறது. அதே வரிசையில் இருக்கும் ஸ்பீக்கரோ, பெரும்பாலான பிளேயர்களில், இப்போதைய நிலையைக் காட்டுகிறது. கோடு விழுந்திருந்தால் ஒலி ஏற்கெனவே அடங்கிவிட்டது. ரிப்பீட் பொத்தானுக்கு வேறொரு வழக்கம். பல பிளேயர்களில் முதல் அழுத்தலில் அதன் நிறம் மாறும், அடுத்ததில் மூலையில் ஒரு ‘1’ முளைக்கும், மூன்றாவதில் எல்லாம் அணைந்துவிடும். இவற்றின்மேல் பெயரை எழுதி வைத்தாலும், அந்தப் பெயர் நிலையைச் சொல்கிறதா செயலைச் சொல்கிறதா என்று நீங்கள் மறுபடியும் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

நான் வைத்திருந்த கேசட் ரெக்கார்டரில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. பிளே விசையை அழுத்தினால் அது உள்ளே இறங்கி அப்படியே நிற்கும். ஸ்டாப்பைத் தொட்டதும் டக்கென்று மேலே எழும். விசையில் அச்சிட்ட குறி செயலைச் சொன்னது, விசை நின்ற உயரம் நிலையைச் சொன்னது. பதிவு செய்ய ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டும் இறங்கியிருப்பதை இருட்டில் தடவியே தெரிந்துகொள்ளலாம். கண்ணாடித் திரை அந்த உயரத்தைப் பறித்துக்கொண்டது, அதற்கு ஈடாக வந்தது ஒரு சாய்ந்த கோடு.

வழி தெரியாமல் இப்படிச் செய்கிறார்கள் என்றும் சொல்வதற்கில்லை. திரைவாசிப்பான் மூலம் கேட்டுக் கணினியை இயக்குவோருக்காக இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்டிருக்கும் ஆரியா வழிகாட்டுதல், ஒலியை அடக்கும் இதே மியூட் பொத்தானை எடுத்துக்காட்டி விளக்குகிறது: பெயரை மாற்றாமல் வைத்து, அழுத்தப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் அறிவிக்க வேண்டும், பெயரையே மாற்றுவதென்றால் அந்த அறிவிப்பு கூடாது. இரண்டையும் ஒருசேரச் செய்தால், ‘ஒலியைத் திற, அழுத்தப்பட்டது’ என்று காதில் விழும். ஒலி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? பார்க்க இயலாதவர்களுக்காக இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஒன்றை, பார்ப்பவர்களுக்குப் படம் வரைகிறவர்கள் ஒருமுறையேனும் புரட்டியிருக்கக் கூடாதா என்பதுதான் என் ஆத்திரம்.

நீங்கள் கேட்ட பிளேயரைச் சொல்லவில்லையே. விஎல்சியை நிறுவிக்கொள்ளுங்கள், அதன் மேல்வரிசை மெனுக்களில் கட்டளைகள் எழுத்திலேயே இருக்கின்றன, ஸ்பேஸ் கட்டையால் பாட்டை நிறுத்தலாம், ‘எம்’ கட்டையால் ஒலியை அடக்கலாம். இப்போதிருக்கும் பிளேயரை நீக்குவதற்கு முன், அதைச் செய்தவர்களுக்கு எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள், எதை எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று மூன்று வரி எழுதி அனுப்புங்கள். எனக்கு எழுதியதை அவர்களுக்கே முதலில் எழுதியிருக்க வேண்டும்.