கர்ப்பப்பைக் கட்டி: நாப்கினை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? (கேள்வி பதில்)

மகளிர் வார்டில் 26 வருஷம் நர்ஸாக இருந்து ரிட்டயர்ட் ஆனவள், மஞ்சக்குப்பத்தில் வீடு. ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பையில் வளரும் சதைக்கட்டி பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. அறிகுறி வரைக்கும் சொல்கிறேன், மாத்திரை பேர் மட்டும் கேட்காதீர்கள், அது டாக்டர் வேலை.

நெல்லிக்குப்பம், வயது 38: அக்கா, எனக்கு மாதவிடாய் ஒன்பது நாள் போகிறது, ரத்தம் கட்டி கட்டியாகவும் விழுகிறது. "எனக்கும் அப்படித்தான், நம்ம உடம்புவாகு" என்கிறார் அம்மா. சரிதானா?

சரியில்லை மா. அம்மாவுக்கும் ஃபைப்ராய்டு இருந்திருக்கலாமே, குடும்பத்தில் வரக்கூடியதுதான் அது. ஏழு நாளைத் தாண்டினாலோ, மணிக்கொரு நாப்கின் என்று தொடர்ந்து நனைந்தாலோ, பத்து ரூபாய் காசு அளவுக்கு ரத்தக்கட்டி விழுந்தாலோ, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருந்தாலோ அது அதிகம்தான். அடுத்த முறை தினசரி காலண்டர் தாளில் எத்தனை மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். "நிறைய போகுது டாக்டர்" என்பதைவிட அந்தத் தாள் நன்றாகப் பேசும்.

ஒருமுறை மீன் விற்கிற அம்மா ஒருவர், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று நெஞ்சுக்குப் பார்க்க வந்தார். கையைத் திருப்பிப் பார்த்தேன், உள்ளங்கை ரேகைகூட வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 5, இருக்க வேண்டியது 12. மாசம் பத்து நாள் போவதை அவராகச் சொல்லவில்லை, அதுவரை யாரும் கேட்கவும் இல்லை. கறுப்புப் புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு சமாளித்திருக்கிறார், அவ்வளவுதான்.

அதற்காக அதிகம் போவதெல்லாம் ஃபைப்ராய்டு என்று முடிவுகட்ட வேண்டாம். தைராய்டு கோளாறிலும் போகும், கர்ப்பப்பைச் சுவரே தடித்துப்போகிற அடினோமயோசிஸிலும் போகும். அதற்குத்தான் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்.

முதலியார்பேட்டை, வயது 44: ரத்தப்போக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலூர் போய்ச் சேருவதற்குள் சிறுநீர் முட்டுகிறது, அடிவயிறும் உப்பலாக இருக்கிறது. சுகர் இல்லை என்கிறார்கள்.

வெளிப்பக்கமாக வளரும் கட்டி ரத்தப்போக்கில் கையே வைக்காது, பக்கத்தில் இருப்பதைத்தான் அழுத்தும். முன்னால் சிறுநீர்ப்பையை அழுத்தினால் உங்கள் கதை, பின்னால் குடலை அழுத்தினால் மலச்சிக்கலும் இடுப்பு வலியும். தொப்பை என்று நினைத்து வாக்கிங் போய்க்கொண்டே இருப்பார்கள் பாவம், அது குறையவே குறையாது. அல்ட்ராசவுண்ட் எடுத்துவிடுங்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிற ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும், உங்களுக்கு அது கொஞ்சம் சோதனைதான்.

கடலூர் முதுநகர்: வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்ததில் 3 செ.மீ. கட்டி என்று வந்தது. தொந்தரவு எதுவும் இல்லை. கேன்சராகிவிடும், கர்ப்பப்பையை எடுத்துவிடு என்கிறார் எதிர்வீட்டு அக்கா.

எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு கும்பிடு. ஃபைப்ராய்டு கேன்சர் கட்டி அல்ல. ஐம்பது வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்குச் சின்னதாகவாவது வந்துவிடுகிறது, பல பேருக்கு அது இருப்பதே தெரியாது. அளவைவிட இடம்தான் முக்கியம்: உள்சவ்வை ஒட்டி 2 செ.மீ. இருந்தால்கூட ரத்தமாகக் கொட்டும், வெளியே 5 செ.மீ. இருந்தும் சும்மா இருக்கும். தொந்தரவில்லை என்றால் பெரும்பாலும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தாலே போதும்.

பண்ருட்டி, வயது 54: தீட்டு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் லேசாகப் பட்டது. பழைய ஃபைப்ராய்டுதானே?

அப்படி நினைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள் அம்மா. தீட்டு நின்ற பிறகு ஃபைப்ராய்டு பொதுவாகச் சுருங்கும். நின்றபின் ஒரு சொட்டு பட்டாலும் உடனே காட்ட வேண்டும், கேன்சர் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள. முந்திரி வேலை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே போங்கள்.

வில்லியனூர்: மனைவிக்கு 29 வயது, இரண்டு வருஷமாகக் குழந்தை இல்லை. ஸ்கேனில் கட்டி இருக்கிறது. அதுதான் காரணமா?

கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் காரணமாக இருக்கலாம், அதை மட்டும் தனியாக எடுக்கவும் முடியும். ஆனால் தம்பி, நீங்கள் விந்தணுப் பரிசோதனை செய்துகொண்டீர்களா? கேள்வியில் அதைக் காணோம்.

எங்கே போவது என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள்.

கடலூர்க்காரர்களுக்கு அரசு தலைமை மருத்துவமனை, பாண்டியில் எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி மகளிர் குழந்தைகள் மருத்துவமனை அல்லது ஜிப்மர். ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பழைய ஸ்கேன் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அந்தக் காலண்டர் தாளையும்.