கட்டுல்லஸ் கவிதைகளின் கைப்பிரதிகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கட்டுல்லஸ் கி.மு. முதல் நூற்றாண்டு உரோமானியக் கவிஞர். அவரை 14ஆம் நூற்றாண்டுப் பிரதிகளைக் கொண்டா படிக்கிறோம்?

பதில்: ஆம். அவர் பிறந்த வெரோனா நகரில் 1300ஐ ஒட்டி ஒரே ஒரு பிரதி வெளிப்பட்டது. அதுவும் பிறகு தொலைந்துபோயிற்று. அதன் வழிவந்த மூன்று பிரதிகள் ஆக்ஸ்போர்டிலும் பாரிஸிலும் வத்திக்கானிலும் உள்ளன. 1375 அக்டோபர் 19 என்று தேதியிட்ட பாரிஸ் பிரதியில், மூலம் மிகவும் சிதைந்திருந்ததாகவும் வேறு பிரதி கிடைக்கவில்லை என்றும் சொல்லி வாசகரிடம் மன்னிப்புக் கேட்கும் குறிப்பு ஒன்று இருக்கிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

கேள்வி: மூன்றில் எதை நம்பலாம்?

பதில்: ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. ஆக்ஸ்போர்டு பிரதியை எழுதியவருக்கு இலத்தீன் அவ்வளவாகப் புரியவில்லை. ஆனால் புரியாததைத் திருத்த முற்படாமல் கண்டதைக் கண்டபடி எழுதியதால், பல இடங்களில் தொலைந்த மூலத்தின் சாயல் அவரிடமே எஞ்சியிருக்கிறது. வத்திக்கான் பிரதி பிளாரன்ஸ் அரசின் செயலரான கொலுச்சோ சலுட்டாட்டியுடையது. அவர் தம் கையாலேயே ஓரங்களில் பாடவேறுபாடுகளைக் குறித்திருக்கிறார். பட்டியலில் தவறாகப் பதிவாகியிருந்த அப்பிரதியை 1896இல் அமெரிக்க இலத்தீன் அறிஞர் வில்லியம் கார்ட்னர் ஹேல் கண்டெடுத்தார்.

கேள்வி: இவற்றுக்கு முந்தைய சான்று எதுவுமே இல்லையா?

பதில்: 62ஆம் கவிதைக்கு மட்டும் உண்டு. அது 9ஆம் நூற்றாண்டுத் தொகுப்பு ஒன்றில் இடம்பெற்றுள்ளது. அதன் 14ஆம் அடி வெரோனா வழிப் பிரதிகள் எதிலும் இல்லை. மற்றக் கவிதைகளில் எத்தனை அடிகள் இப்படி விடுபட்டனவோ!

கேள்வி: நான் புதியவன். எங்கே தொடங்கலாம்?

பதில்: சுருக்கக் குறிகளைப் பழகுங்கள். உயிரெழுத்தின் மேலிட்ட சிறு கோடு பெரும்பாலும் விடுபட்ட 'எம்' அல்லது 'என்' எழுத்தைக் குறிக்கும். அச்சுப் பதிப்பைத் திறக்காமல் பிரதியின் ஒரு பக்கத்தை நீங்களே எழுதிப் பார்த்த பின்னரே ஒப்பிடுங்கள்.

கேள்வி: எல்லாப் பிரதிகளிலும் ஒரே பிழை இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: யாப்புப் பல இடங்களில் காட்டிக்கொடுக்கும். யாப்பும் கைவிடும் இடத்துக்கு 84ஆம் கவிதை நல்ல எடுத்துக்காட்டு. 'கொம்மொடா' (நன்மைகள்) என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'க்ஹொம்மொடா' என்றும், 'இன்சிடியாஸ்' (சூழ்ச்சிகள்) என்பதை 'ஹின்சிடியாஸ்' என்றும், வேண்டாத இடத்தில் ஹகர ஒலியைச் சேர்த்துப் பேசும் அர்ரியஸ் என்பவரைக் கேலி செய்யும் கவிதை அது. படியெடுத்தவர்களோ அந்த ஹகரத்தைப் பிழையென்று எண்ணியோ, கவனியாமலோ விட்டுவிட்டதால், "கொம்மொடா என்று சொல்ல நினைத்து அவர் கொம்மொடா என்றார்" என்று பொருளற்று நின்றது. இலத்தீன் யாப்பில் ஹகரத்துக்கு மாத்திரை இல்லை. ஆகவே அடி சற்றும் பிசகாமல் ஒலித்தது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர்கள் பொருளை மட்டுமே துணையாகக் கொண்டு அந்த ஓர் எழுத்தை மீட்டார்கள். கேலியும் உடன் திரும்பி வந்தது.