பன்னிரண்டாம் பலகையில் எங்கிடு எப்படி உயிரோடு?

களிமண் பலகைகளில் எழுதிய பழைய மெசபடோமியக் காவியமான கில்காமேஷ் பற்றிக் கட்டுரை எழுதும் நீங்கள், 12-ஆம் பலகையில் எங்கிடு உயிரோடு வருவது பிரதியின் பிழையா என்று கேட்டீர்கள். உங்கள் பிரதியில் பிழை இல்லைங்க. 7-ஆம் பலகையில் நோயில் செத்த எங்கிடு (மன்னன் கில்காமேஷின் தோழன்) 12-இல் உயிரோடு நடமாடுவது எல்லாரையும் குழப்பும். கில்காமேஷின் சாகாவரத் தேடல் 11-லேயே முடிகிறது: இளமை தரும் செடியைப் பாம்பு கொண்டுபோக, வெறுங்கையோடு தன் நகரமான ‘ஊருக்’ திரும்பி மதிலைக் காட்டுகிறான். 12, பழைய சுமேரியப் பாட்டொன்றின் பிற்பகுதியை அக்காதிய மொழியில் பெயர்த்து ஒட்டியது. அதில் பாதாளத்தில் விழுந்த கில்காமேஷின் விளையாட்டுப் பொருளை எடுக்கப்போன எங்கிடு அங்கேயே மாட்டிக்கொள்கிறான். அப்புறம் ஆவியாக வந்து விவரம் சொல்கிறான். பிள்ளைகள் நிறைய உள்ளவனுக்கு நல்ல கதி. படையல் வைக்க ஆளில்லாத ஆவிக்குப் பானைச் சுரண்டலும் தெருவில் எறிந்த ரொட்டித் துண்டும்தான். இறந்தோரை ஏன் கவனிக்க வேண்டும் என்று மிரட்டிச் சொல்லும் புராணம் இது, என் கணிப்பில். நாயகனின் பயணம் பற்றித்தான் கட்டுரை என்றால் 11-ஓடு நிறுத்துங்கள்.